உங்களுக்குத் தெரியுமா? பரண் சாமான்கள்

வீட்டில் உழைத்து ஓய்ந்த சாமான்களைத் தேடிச் சேர்ப்பது என் பழக்கம். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்க்க எனக்கு மனம் வராது. ஸ்டவ் எரிய வேண்டும், ரேடியோ பாட வேண்டும், சுவர்க் கடிகாரம் மணி அடிக்க வேண்டும். பிரித்துப் பூட்டும்போது கற்றவை, படித்துத் தெரிந்துகொண்டவை, சிறுவயதில் பார்த்து மனதில் நின்றவை எல்லாம் கலந்து இங்கே கொஞ்சம்.

கல்யாண ஊர்வலமும் மணவாளக்குறிச்சி மணலும்

பெட்ரோமாக்ஸ் விளக்கில் எரிவது மண்ணெண்ணெயின் ஆவி. ஆனால் அந்த வெள்ளை வெளிச்சம் வருவது மேண்டிலிலிருந்து. புது மேண்டிலைக் கட்டிக் கொளுத்தியதும் துணி எரிந்துபோகும். துணி உறிஞ்சி வைத்திருந்த உப்புகள் ஆக்சைடாக மாறி, வலையின் வடிவத்திலேயே நிற்கும். விரல் பட்டால் பொடிந்துவிடும். ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவர் ஃபான் வெல்ஸ்பாக் 1891-இல் கண்ட விகிதம் இது: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. அந்த ஒரு பங்கு சேராவிட்டால் விளக்கு மங்கலாகத்தான் எரியும்.

அவ்வளவு தோரியத்துக்கு எங்கே போவது? 1909-இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூர்ப் பக்கமிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். தோரியத்தைத் தரும் தாது அது. அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. முதல் உலகப் போர் வந்தபோது உளவாளி என்று சொல்லி அவரைக் கைது செய்தார்கள். தொழில் லண்டன் கம்பெனி ஒன்றின் கைக்கு மாறியது. கன்னியாகுமரி மாவட்டத்தின் அந்தக் கடற்கரை ஊரில் இன்றும் மத்திய அரசின் நிறுவனம் ஒன்று மணல் பிரிக்கிறது.

விளக்கு பெர்லினில் எரிக் அண்ட் கிரேட்ஸ் கம்பெனி உருவாக்கியது. அதற்கு வெளிச்சம் கொடுத்தது நம் கரை மணல். எங்கள் தெரு வழியாக மாப்பிள்ளை அழைப்பு போகும்போது, தலையில் சும்மாடு வைத்து அதன்மேல் பெட்ரோமாக்ஸ் சுமந்து இருபுறமும் பெண்கள் நடப்பார்கள். மாப்பிள்ளையைப் பார்க்கத்தான் எல்லோரும் வாசலுக்கு வருவோம். தலைக்கு மேலே அத்தனை சூட்டைச் சுமந்து, கழுத்தைத் திருப்பாமல் நடந்த அந்தப் பெண்களின் முகங்கள்தான் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கின்றன. எந்தக் கல்யாண ஆல்பத்திலும் அவர்கள் இல்லை.

சேகரிப்பவர்கள் கவனிக்க: பழைய மேண்டில் பொடியை ஊதாதீர்கள். தோரியத்துக்குக் கதிரியக்கம் உண்டு. மூச்சோடு உள்ளே போகக் கூடாது. இப்போது வரும் மேண்டில்கள் பலவற்றில் தோரியத்துக்குப் பதில் இட்ரியம் சேர்க்கிறார்கள்.

எவரெஸ்டில் எரிந்த ஸ்டவ்

பம்ப் ஸ்டவ்வின் மூலவடிவம் பிரைமஸ். ஸ்வீடன்காரர் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் 1892-இல் கொண்டுவந்தது. அதில் திரி கிடையாது. முதலில் தலைப்பகுதியைச் சூடாக்க வேண்டும். பிறகு பம்ப் அடித்தால், எண்ணெய் சூடேறிய குழாயில் ஏறி ஆவியாகி ஊசித்துளை வழியே பீறிட்டு, நீலமாக எரியும். சரியாக எரிந்தால் பாத்திரத்தில் கரி பிடிக்காது. தென் துருவம் போன ஆமுண்ட்சென் குழுவிடம் இருந்தது பிரைமஸ். 1953-இல் ஹிலாரியும் டென்சிங்கும் எவரெஸ்டின் உச்சி முகாமில் பனியை உருக்கிக் குடித்ததும் பிரைமஸ் ஸ்டவ்வில்தான்.

விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போனால், விடியற்காலையில் எங்களை எழுப்புவது பம்ப் ஸ்டவ்வின் இரைச்சல். "பின் ஒடிஞ்சிடுச்சு, செட்டியார் கடைல ஒண்ணு வாங்கிட்டு ஓடி வா கண்ணு" என்பார் அத்தை. மெல்லிய தகட்டின் நுனியில் துண்டுக் கம்பி பொருத்திய ஸ்டவ் பின் அப்போது எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

உங்கள் பரணில் உள்ள ஸ்டவ் பம்ப் அடித்தால் காற்று ஏறவில்லையா? பெரும்பாலும் உள்ளேயிருக்கும் தோல் வாஷர் காய்ந்திருக்கும். கழற்றி எண்ணெயில் ஊறவைத்து, ஓரத்தை விரலால் விரித்துப் போடுங்கள். பல காலம் சும்மா கிடந்த ஸ்டவ்கள் அதிலேயே பிழைத்துக்கொள்கின்றன.

ரேஷன் மண்ணெண்ணெய்க் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த நூதன் திரி ஸ்டவ், இந்தியன் ஆயில் ஆராய்ச்சி மையம் எண்ணெய்ச் சிக்கனத்துக்காகவே வடிவமைத்தது.

குக்கரின் வெயிட்டுக்கு 300 வயதுக்கு மேல்

1679-இல் லண்டனில் இருந்த பிரெஞ்சு அறிஞர் டெனி பாப்பேன், எலும்பைக்கூட மெத்தென்று ஆக்கும் மூடிய பாத்திரம் ஒன்றைக் காட்டினார். ஆவி மிஞ்சினால் வெடிக்குமே என்று, எடை தொங்கவிட்ட ஒரு வால்வும் வைத்தார். 1682-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அதில் சமைத்தே விருந்து வைத்தார். விருந்துண்ட ஜான் ஈவ்லின் அதைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இன்று நம் குக்கர் மூடியில் ஆடும் வெயிட் அந்த வால்வின் வழித்தோன்றல். வெயிட் கொடுக்கும் அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை போகும். பருப்பு சீக்கிரம் வேகும் ரகசியம் அவ்வளவே.

நம் நாட்டில் பிரெஸ்டீஜ், ஹாக்கின்ஸ் இரண்டும் 1959-இல் குக்கர் தயாரிக்கத் தொடங்கின. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1910-இல், வங்காளத்து டாக்டர் இந்துமாதவ் மல்லிக் இக்மிக் குக்கரை உருவாக்கிவிட்டார். கீழே கரி, மேலே அடுக்கு அடுக்காகப் பாத்திரங்கள். சோறும் பருப்பும் காயும் ஆவியில் ஒன்றாக வேகும். இது அழுத்தத்தில் வேகவைக்கும் குக்கர் அல்ல. காலையில் கரியைப் பற்றவைத்துவிட்டு வேலைக்குப் போய், திரும்பி வந்து சூடாகச் சாப்பிடலாம். அடுக்குக் குக்கர் ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள். எல்லா அடுக்கும் மூடியும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

குழவி நின்றது, கல் சுற்றியது

ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவியைக் கை சுற்றும். கிரைண்டரில் கல் சுற்றுகிறது, குழவி நின்ற இடத்தில் நிற்கிறது. இந்தத் தலைகீழ் மாற்றம்தான் கண்டுபிடிப்பின் உயிர். 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி முதல் வெட் கிரைண்டரைச் செய்தார். மோட்டாரும் பம்ப்செட்டும் வார்ப்பட ஆலைகளும் நிறைந்த ஊர் அது. கல்லுக்கு ஊத்துக்குளிப் பக்கம் போனார்கள். பிறகு சாய்த்து மாவு எடுக்கும் டில்டிங் கிரைண்டர், மேடையில் வைக்கும் டேபிள் டாப் என்று அது இளைத்துக்கொண்டே வந்தது. இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது.

பாட்டி ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறு கையால் மாவைத் தள்ளிவிடுவார். இரண்டு கைகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நான் பார்த்ததேயில்லை. கிரைண்டர் வந்த வீட்டில் அந்தக் கைகளுக்கு முதன்முறையாக மாலை நேரம் கிடைத்தது. பழைய கிரைண்டர் வாங்குகிறவர்கள் கல்லைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாகிவிட்டிருந்தால் கொத்த வேண்டும். அம்மி கொத்துகிறவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வேலையைக் கொடுங்கள்.

எரிந்த மோட்டாரிலிருந்து பிறந்த மிக்சி

1960-களில் மும்பையில் மாதுரி மாத்தூர் என்பவர் வீட்டில் ஜெர்மன் மிக்சி ஒன்று எரிந்துபோனது. பழச்சாறுக்கும் கேக் மாவுக்கும் செய்த மோட்டார் அது; விரலி மஞ்சளும் ஊறிய அரிசியும் அதற்குப் பழக்கமில்லை. பழுதுபார்க்க ஆளும் அகப்படவில்லை. சீமென்ஸில் பொறியாளராக இருந்த கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர், இந்தியச் சமையலுக்குத் தாங்கும் மோட்டாரைத் தானே வடிவமைத்தார். அதுதான் சுமீத். 70-களிலும் 80-களிலும் நம் ஊர்க் கல்யாணச் சீர்வரிசையில் சுமீத் மிக்சிக்குத் தனி இடம். அன்றைய மோட்டார்கள் இன்றும் ஓடுகின்றன. கார்பன் பிரஷ்ஷும் அடியிலுள்ள ரப்பர் கப்ளரும் மாற்றினால் போதும்.

கடல் கடந்து வந்த ஐஸ்

ஃப்ரிட்ஜுக்கு முன்னால் சென்னைக்கு ஐஸ் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் ஏரிகளிலிருந்து. குளிர்காலத்தில் உறைந்த ஏரியை ரம்பத்தால் அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாய்மரக் கப்பலில் ஏற்றினார் பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர். 1833-இல் அவருடைய முதல் சரக்கு கல்கத்தாவுக்குக் கிளம்பியபோது 180 டன். நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகு ஏறத்தாழ 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1842 வாக்கில் அவர் கட்டிய ஐஸ் கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். அந்த வட்டமான முகப்பைத் தாண்டிப் போகும்போதெல்லாம், நடுச் சித்திரையில் மூட்டை மூட்டையாக மரத்தூளுக்குள் மாசசூசெட்ஸ் பனி இறங்கிய காட்சியை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

இந்திய நிறுவனம் ஒன்று ஃப்ரிட்ஜ் தயாரித்தது 1958-இல்: கோத்ரெஜ்.

பழைய ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொக்கிப் பூட்டு வைத்த கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. கண்ணாமூச்சி ஆடிய குழந்தைகள் உள்ளே சிக்கி இறந்ததால், கதவு உள்ளிருந்து திறக்க வேண்டும் என்று அமெரிக்கா 1956-இல் சட்டமே போட்டது. காந்தப் பட்டை ஒட்டிய கதவுகள் பரவ அது ஒரு காரணம். கொக்கி வைத்த ஃப்ரிட்ஜைச் சேர்த்து வைத்தால் முதல் வேலையாகக் கொக்கியைக் கழற்றுங்கள்.

ரேடியோ: கொஞ்சம் நீளமாகவே

இந்தப் பகுதியில் நான் சுருக்கமாக எழுத முயலவில்லை. ரேடியோ என்றால் எனக்கு அப்படி.

தமிழகத்தின் ஒலிபரப்பு அகில இந்திய வானொலிக்கும் மூத்தது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் 1924 மே மாதம் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கியது. ஜூலை 31-இல் ஒலிபரப்பு ஆரம்பம். பணமில்லாமல் 1927-இல் நின்றது. அதன் கருவிகளைக் கொண்டு 1930-இலிருந்து சென்னை மாநகராட்சியே ஒலிபரப்பியது. குப்பை அள்ளுவதும் தெருவிளக்குப் போடுவதுமாக இருந்த ஒரு மாநகராட்சி, மாலையானால் பாட்டும் போட்டது! 1938 ஜூன் 16-இல் சென்னை வானொலி நிலையம் வந்து அந்தப் பொறுப்பை ஏற்றது.

ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்பது இன்றைய பிள்ளைகளுக்கு நம்பமுடியாத செய்தி. ஆண்டுதோறும் தபால் ஆபீசில் பணம் கட்டி, சிறு புத்தகத்தில் வில்லை ஒட்டி முத்திரை வாங்க வேண்டும். 1980-களில்தான் அது ஒழிந்தது. அந்த லைசென்ஸ் புத்தகங்கள் இப்போது சேகரிப்பவர்களுக்குப் பெரிய வரம். எந்த ஆண்டில், எந்தத் தபால் ஆபீஸ் வட்டத்தில் அந்த ரேடியோ பாடியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

வால்வு ரேடியோவைத் திருப்பியதும் பாடாது. உள்ளே இழை சூடேற அரை நிமிடம் போல ஆகும். முதலில் டயல் விளக்கு, பிறகு மெல்லிய உறுமல், கடைசியில் குரல். சித்தப்பா வீட்டுப் பெட்டியில் பச்சையாக ஒரு கண் இருந்தது. நிலையம் சரியாகச் சிக்கச் சிக்க அந்தப் பச்சை குவிந்துவரும். அது மேஜிக் ஐ என்ற தனி வால்வு. ஆலன் டுமாண்ட் கண்டுபிடித்தது, 1935-இல் ஆர்.சி.ஏ. கம்பெனி வெளியிட்டது. கண்ணாலும் ஸ்டேஷன் பிடிக்கலாம் என்பதே அப்போது பெரிய புதுமை. ஓடிய மணிக்கணக்கில் அந்தப் பச்சை மங்கிவிடும். பளிச்சென்று எரியும் கண்ணோடு ஒரு ரேடியோ கிடைத்தால், வீட்டார் அதைக் கொஞ்சமாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள் அல்லது யாரோ வால்வை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

தமிழ்நாட்டு வீடுகளில் டயல் முள் கொழும்பில் போய் நின்றது ஏன்? 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அது ஏறத்தாழ மறைந்தே போனது. இலங்கையிடம், இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படைவீரர்களுக்காக ஏற்பாடான வானொலியின் வலுவான சிற்றலைக் கருவி கைவசம் இருந்தது. கடல் தாண்டித் தெளிவாகக் கேட்டது. எஸ். பி. மயில்வாகனனின் குரலுக்கு இக்கரையில் எத்தனை ரசிகர்கள்! கேட்பவர்கள் எல்லாம் அங்கே போய்விட்டதைப் பார்த்துத்தான் 1957 அக்டோபர் 3-இல் விவித் பாரதி பிறந்தது. அறிவிப்பாளர் ஒருவர் பெயரை வீட்டு உறுப்பினர் பெயராகச் சொல்லும் பழக்கம் எங்கள் தெருவில் இலங்கை வானொலி கொண்டுவந்தது.

கரும்பழுப்பு ரேடியோப் பெட்டி, உருண்டை சுவிட்ச், பழைய டெலிபோன் எல்லாம் பேக்கலைட். லியோ பேக்லேண்ட் 1907-இல் கண்டது. முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக். அசலா என்று அறியக் கட்டைவிரலால் சூடு பறக்கத் தேய்த்து மோந்து பாருங்கள். ஃபார்மலின் வாசனை வந்தால் பேக்கலைட்.

பல ஆண்டுகள் சும்மா இருந்த வால்வு ரேடியோவை நேரே கரண்டில் சொருகாதீர்கள். உள்ளேயிருக்கும் மின்தேக்கிகள் காய்ந்து ஷார்ட் ஆகியிருக்கலாம். 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்து அதன் வழியே கொடுங்கள். மெக்கானிக்குகள் சீரிஸ் பல்பு என்பார்கள். பல்பு முழுப் பிரகாசத்தோடு எரிந்தால் உள்ளே கோளாறு; உடனே நிறுத்திவிடலாம், டிரான்ஸ்ஃபார்மர் தப்பிக்கும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருந்த மெக்கானிக் அண்ணன் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். பெட்டியின் முதுகில் எந்த வால்வு எங்கே என்ற வரைபடத்தைக் கம்பெனிக்காரனே ஒட்டியிருப்பான். பிரித்துப் பழுதுபார்க்க ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்துச் செய்த பொருள் அது. இன்று வாங்கும் பொருள்களில் அந்த மரியாதையை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

பூச்சி தந்த பாட்டு

கிராமபோன் தட்டுகள் அரக்கில் செய்தவை. மரக்கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினுக்கு இந்தியாதான் உலகச் சந்தை. 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதைப் பதிவு செய்து, தட்டாக அச்சிட ஜெர்மனியின் ஹானோவருக்கு அனுப்பினார்கள். இங்கிருந்து அரக்கும் பாட்டும் போய், தட்டாகத் திரும்பி வந்தன. கல்கத்தாவிலேயே ஆலை வந்தபிறகு அந்த அலைச்சல் நின்றது.

78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான். நம் வித்வான்கள் ஆலாபனையும் பாட்டும் சிட்டைஸ்வரமுமாக அதற்குள் அடக்கக் கற்றார்கள். ஏ.வி.எம். நிறுவனர் மெய்யப்ப செட்டியாரும் படத்துக்கு வருமுன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக இசைத்தட்டு விற்றவர்தான்.

ஹெச்.எம்.வி. நாய் நிப்பர் முதலில் பார்த்தது கிராமபோனை அல்ல. ஃபிரான்சிஸ் பாரோ வரைந்தது எடிசனின் உருளை ஃபோனோகிராஃப். 1899-இல் கிராமபோன் கம்பெனி கேட்டுக்கொண்டதும் அதன்மேல் தட்டும் குழலும் தீட்டினார். அசல் ஓவியத்தில் பழைய கருவியின் கோடுகள் அடியில் இன்னும் தெரியும்.

தையல் மெஷினும் காந்தியும்

1924-இல் சாந்திநிகேதன் மாணவர் ஜி. ராமச்சந்திரன் காந்தியிடம், எல்லா இயந்திரங்களுக்கும் நீங்கள் எதிரியா என்று கேட்டார். காந்தி விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மெஷினை. தன் மனைவி கையால் தைத்துப் படும் பாட்டைப் பார்த்த சிங்கரின் அன்பில் பிறந்த இயந்திரம் என்றார். கேள்வி கேட்ட அந்த மாணவர்தான் பிற்பாடு டி. எஸ். சௌந்தரத்தை மணந்து, திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்.

அம்மாவின் மிதிமெஷின் அடியில் உட்கார்ந்து பெல்ட் ஓடுவதைப் பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. மழைக்காலத்தில் தோல் பெல்ட் தளர்ந்தால் அம்மா ஒரு துண்டு வெட்டிவிட்டுக் கம்பியால் மறுபடி இணைப்பார். கடைக்குப் போகவே மாட்டார்.

சீலிங் ஃபேன் தையல் மெஷினின் உறவுக்காரர் என்றால் நம்புவீர்களா? சிங்கர் கம்பெனியில் மெஷினுக்கான மின்மோட்டாரை வடிவமைத்த பிலிப் டீல், 1880-களில் அதே மோட்டாரில் இறக்கை மாட்டிக் கூரையில் தொங்கவிட்டார். இன்று நம் தலைக்கு மேலே சுற்றுவது அந்தப் பரம்பரை.

பழைய ஃபேனோடு வரும் பெரிய பெட்டி ரெகுலேட்டரில் இருப்பது கம்பிச் சுருள். வேகம் குறைக்கும்போது மிச்சமாகும் மின்சாரத்தில் ஒரு பகுதி அதில் சூடாக வீணாகும். தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும்.

ஜி. டி. நாயுடுவின் ரேசர்

கோவைப் பக்கத்துக் கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, ஜெர்மன் மோட்டார் வைத்து ரேசன்ட் என்ற மின்சார ரேசரை உருவாக்கினார். மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேனும் செய்தார். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941-இல் அறிவித்தார். அவருடைய சாமான்களைக் கோவை அவினாசி சாலை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அவசரமில்லாத ஒரு நாளில்.

இஸ்திரிப் பெட்டியின் வயிற்றில் நெல்லூர்

மின் இஸ்திரிப் பெட்டியில் சூடேறும் கம்பியைச் சுற்றியிருந்தது மைக்கா தகட்டில். சூட்டைத் தாங்கும், மின்சாரத்தைத் தடுக்கும்; வேறு எது அப்படி? தகட்டு மைக்காவில் இந்தியா உலகுக்கே முதன்மை. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், கூடூர்ப் பக்கம் அதற்குப் பெரிய சுரங்கங்கள் இருந்தன. பழைய இஸ்திரி ஒயரின் துணி உறைக்குள் கல்நார் இருக்கலாம். நைந்திருந்தால் கையால் பிய்க்காமல் மாற்றிவிடுங்கள்.

சின்னச் சின்னதாக

கேஸ் லைட்டரில் பேட்டரி இல்லை. படிகத்தைத் தட்டினால் மின்சாரம் வரும் என்று பியர், ஜாக் க்யூரி சகோதரர்கள் 1880-இல் கண்டதுதான் உள்ளே டிக் டிக்கென்று வேலை செய்கிறது.

சுவர்க் கடிகாரம் கோடையில் பிந்துகிறதா? பெண்டுலத் தண்டு சூட்டில் நீண்டிருக்கும். குண்டின் அடியிலுள்ள திருகை ஏற்றினால் வேகம் கூடும், இறக்கினால் குறையும்.

ஒலிநாடாக் கேசட்டை ஃபிலிப்ஸ் 1963-இல் பெர்லினில் காட்டியது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஓட்டென்ஸ், சட்டைப் பையில் அடங்கும் மரக்கட்டை ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டு, கருவி இதைவிடப் பெரிதாகக் கூடாது என்றாராம்.

சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. சாலிடேர், டயனோரா இரண்டும் சென்னைக் கம்பெனிகள். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் நேரத்தில் மரக் கதவு வைத்த டிவி முன்னால் தெருவே உட்கார்ந்திருக்கும். நிகழ்ச்சி முடிந்து திரையில் பறக்கும் புள்ளிகளில் ஏறத்தாழ நூற்றில் ஒன்று, பிரபஞ்சம் தோன்றிய காலத்திலிருந்து வரும் கதிர்வீச்சால் வந்தது. அந்தக் கதிர்வீச்சைக் கண்ட பென்சியாஸ், வில்சன் இருவருக்கும் 1978-இல் நோபல் பரிசு.

எங்கே தேடலாம்

மூர் மார்க்கெட் 1985 மே 30-இல் எரிந்துபோனது. சென்னையில் பழஞ்சாமான் தேடுகிறவர்களுக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு இருக்கிறது. பர்மா, மலாயா வரை வணிகம் செய்த நகரத்தார் வீடுகளிலிருந்து வந்த ஸ்வீடன் எனாமல் தூக்குகளும் சுவர்க் கடிகாரங்களும் அங்கே கிடைக்கும். வாங்கும்போது எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பில்லோ கேரண்டி அட்டையோ இருந்தால் கூடக் கேளுங்கள். அதிகமாக மெருகேற்றாதீர்கள், கை பட்டுப் பட்டு வந்த நிறம் திரும்பி வராது.

சிங்கர் மெஷின் வாங்கினால் அடித்தட்டின் எண்ணைப் பாருங்கள். தொடக்க எழுத்தைக் கொண்டு ஆலையும் காலமும் அறியலாம். 'ஒய்' என்று இருந்தால் 1921-க்கும் 1935-க்கும் இடையே ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க்கில் செய்தது. அந்த ஆலையின் நான்கு முகக் கடிகாரத்தில் ஒவ்வொரு முகமும் 26 அடி. ஆலை இடிந்துபோனாலும் தொழிலாளர்களுக்காக வந்த ரயில் நிலையம் இன்றும் இயங்குகிறது. அதன் பெயர்ப் பலகையில் இருப்பது ஒரே சொல்: சிங்கர்.